ஒருவர் மட்டுமே சொன்ன ஆல்பம்

டிசம்பர் பிறந்தால் போதும், இசை ரசிகர்கள் கூடும் இடமெல்லாம் ஒரே கேள்விதான்: "இந்த வருஷம் உங்க டாப் டென் ஆல்பம் என்ன?" சிலர் கேட்ட மாத்திரத்தில் பத்துப் பெயரையும் கடகடவென்று ஒப்பித்துவிடுவார்கள். சிலர் இரண்டு நாள் அவகாசம் கேட்டு, எழுதி, அழித்து, ஐந்தையும் ஆறையும் இடம் மாற்றி, "இன்னும் முழுசா முடிவாகல" என்ற குறிப்போடு அனுப்புவார்கள். நான் அந்த இரண்டாம் வகை.

மற்றவர்களின் பட்டியலை நான் கீழிருந்து மேலாகத்தான் படிப்பேன். முதல் மூன்று இடங்களில் யார் இருப்பார்கள் என்பதைப் படிக்கும் முன்பே ஏறக்குறைய சொல்லிவிடலாம். அந்த ஆண்டு முழுக்க எல்லோரும் பேசிய ஆல்பங்கள் அங்கே இருக்கும். எட்டு, ஒன்பது, பத்துக்கு வரும்போதுதான் எழுதியவரின் காது தெரியத் தொடங்கும். போன ஆண்டு ஒருவருடைய பட்டியலில் ஒன்பதாம் இடத்தில் நான் கேள்வியே படாத ஒரு பெயர். பக்கத்தில் ஒரே ஒரு குறிப்பு: "மூன்றாவது பாட்டில் தாளம் தப்புகிற மாதிரி இருக்கும். தப்பவில்லை. இரண்டாம் முறை எண்ணிப் பாருங்கள்." நான் பார்த்த வேறு எந்தப் பட்டியலிலும் அந்த ஆல்பம் இல்லை. படித்த கையோடு ஹெட்போனை எடுத்து மாட்டினேன்.

ஆண்டு இறுதிப் பட்டியல்களால் என்ன பயன் என்று யாராவது கேட்டால், நான் காட்டுவது அந்த ஒன்பதாம் இடத்தைத்தான். ஆனால் பட்டியல்கள் தொகுக்கப்படும் முறையும் சரி, வாக்குகள் எண்ணப்படும் முறையும் சரி, அந்த ஒன்பதாம் இடத்தைக் கண்ணில் படாமல் செய்துவிடுகின்றன. அது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், ஏன் ஆல்பம்? கேட்பதெல்லாம் தனித்தனிப் பாட்டாகிவிட்ட காலத்திலும் ரசிகர்கள் ஏன் ஆல்பத்தையே வரிசைப்படுத்துகிறார்கள்?

படம் ஒட்டி வைக்கும் ஆல்பமும் பாட்டு ஆல்பமும் ஒரே பெயரில் இருப்பது தற்செயல் இல்லை. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம் வரைதான் பதிவு கொள்ளும். நீளமான படைப்பு என்றால் நாலைந்து தட்டுகள் தேவைப்படும். அவற்றைக் காகித உறைகளில் செருகி, கெட்டி அட்டை போட்டுப் புத்தகம் போலக் கட்டி விற்றார்கள். அந்தப் புத்தகத்துக்குப் பெயர் ஆல்பம். பில்போர்டு பத்திரிகை 1945 மார்ச்சில் முதன்முதலாக ஆல்பங்களுக்கென்று விற்பனைப் பட்டியல் வெளியிட்டபோது, அதில் இருந்தவை இந்தத் தட்டுக்கட்டுகள்தான். 1948 ஜூனில் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் எல்பி தட்டைக் கொண்டுவந்தது. ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 22 நிமிடம் கிடைத்தது. முன்பு ஒரு கட்டாக இருந்தது ஒற்றைத் தட்டுக்குள் அடங்கிவிட்டது. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பது நாற்பத்தைந்து நிமிடம் என்ற அந்த அளவு, ஒரே மூச்சில் உட்கார்ந்து கேட்கத் தோதானது. முதல் பக்கம் எந்தப் பாட்டில் முடிய வேண்டும், தட்டைத் திருப்பிப் போட்டதும் எது வரவேண்டும் என்று கலைஞர்கள் யோசித்துப் பழகினார்கள். 1982-இல் வந்த சிடியில் 74 நிமிடம் கொள்ளும் என்றானது. ஸ்ட்ரீமிங்கில் எல்லையே இல்லை. ஆனாலும் வரிசை என்பது ஆல்பத்தின் உயிர் என்ற எண்ணம் போகவில்லை. 2021 நவம்பரில் பாடகி அடேல் கேட்டுக்கொண்டதற்கிணங்க, ஆல்பம் பக்கத்தில் ஷஃபிள், அதாவது பாட்டுகளின் வரிசையைக் கலைத்துப் போடும் பொத்தான், தானாக முன்னால் நிற்பதை ஸ்ட்ரீமிங் தளமான ஸ்பாட்டிஃபை எடுத்துவிட்டது. பாட்டுகளை இத்தனை யோசித்து அடுக்குவது காரணமில்லாமல் இல்லை என்பது அவர் சொன்ன நியாயம். அதில் எனக்கு முழு உடன்பாடு.

ஒரு பாட்டு போகிற போக்கில் பிடித்துப்போகலாம். ஆல்பம் அப்படிப் பிடிக்காது, அதற்கு நேரம் கொடுத்தாக வேண்டும். பத்து ஆல்பம் கொண்ட பட்டியல் என்றால் சராசரியாக ஏழு மணி நேர இசை. ஒவ்வொன்றையும் ஐந்தாறு முறையாவது கேட்டுவிட்டுத்தான் ஒருவர் வரிசைப்படுத்தியிருப்பார். ரசிகர் ஒருவர் தன் பட்டியலைக் கொடுக்கும்போது நமக்குக் கிடைப்பது அவர் செலவழித்த அந்த நேரம்.

அடுத்தது 'ஆண்டு' என்ற எல்லை. இசைக்குக் காலண்டர் தெரியாது, பிறகு எதற்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று கோடு போட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கோடு போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு நல்ல எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. இரண்டுமே ஆல்பங்களைப் பற்றியவை அல்ல, பாட்டுகளைப் பற்றியவை. ஆனால் விஷயம் ஒன்றுதான்.

பிபிசி ரேடியோ 1-இல் அறிவிப்பாளர் ஜான் பீல் 1976-இல் 'ஃபெஸ்டிவ் ஃபிஃப்டி' என்ற நேயர் வாக்கெடுப்பைத் தொடங்கினார். நேயர்கள் தங்களுக்குப் பிடித்த மூன்று பாட்டுகளை எழுதி அனுப்புவார்கள். வாக்குகளை எண்ணி, முன்னணியில் வந்த ஐம்பதையும் ஆண்டு இறுதியில் அவர் ஒலிபரப்புவார். ஆரம்ப காலத்தில் எந்த ஆண்டுப் பாட்டையும் சொல்லலாம் என்று விட்டிருந்தார்கள். 1978, 1979, 1980 என்று மூன்று ஆண்டும் முதலிடத்துக்கு வந்தது ஒரே பாட்டு. புதிய இசையைத் தேடித்தேடி ஒலிபரப்பிய ஒருவருடைய நிகழ்ச்சியில், நேயர்கள் ஆண்டுக்கு ஆண்டு பழையதையே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1982-இலிருந்து அந்தந்த ஆண்டு வெளிவந்த பாட்டுகளுக்கென்றே வாக்கெடுப்பு நடந்தது.

ஆஸ்திரேலியாவின் டிரிபிள் ஜே வானொலியும் இதே வழியில் போய்த் திரும்பியது. 1989-இல் அவர்கள் தொடங்கிய 'ஹாட்டஸ்ட் 100' வாக்கெடுப்பிலும் முதலில் கால எல்லை கிடையாது. 1989, 1990 இரண்டிலும் முதலிடம் பிடித்தது 1980-இல் வெளிவந்த ஒரே பாட்டு. 1993 முதல் கடந்த ஓராண்டுப் பாட்டுகளுக்கு மட்டுமே வாக்கு என்று மாற்றினார்கள். அது இன்றுவரை தொடர்கிறது.

எல்லைக் கோடு இல்லாவிட்டால் பட்டியல் உறைந்துவிடுகிறது. "எக்காலத்துக்கும் சிறந்தது எது" என்று கேட்டால் நாம் நினைவிலிருந்து பதில் சொல்கிறோம், அந்த நினைவில் பாதி மற்றவர்கள் சொல்லிச் சொல்லிப் பதிந்தது. "இந்த ஆண்டு எது" என்று கேட்டால் காதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எது நிலைக்கும் என்று இன்னும் யாரும் தீர்ப்பு எழுதவில்லை. ரசிகருக்கும் விமர்சகருக்கும் ஒரே அளவு உரிமை இருக்கிற சில வாரங்கள் அவை.

அந்தச் சில வாரங்களையும் பத்திரிகைகள் சுருக்கிவிடுகின்றன. டிசம்பர் இதழ் அச்சுக்குப் போக வேண்டும் என்பதால் நவம்பரிலேயே வாக்கெடுப்பை முடித்துவிடும் வழக்கம் பத்திரிகைகளில் வேரூன்றியது, இணையத்துக்கு வந்த பிறகும் அது விடவில்லை. 2013 டிசம்பர் 13 அன்று எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பாடகி பியான்சே ஆல்பம் வெளியிட்டபோது பல பட்டியல்கள் ஏற்கெனவே வெளிவந்து முடிந்திருந்தன. மறு ஆண்டு டிசம்பர் 15 அன்று பாடகர் டி'ஏஞ்சலோவின் 'பிளாக் மெசாயா' ஆல்பம் வந்தது, அதே கதை. ஆனால் வாக்களிப்பைக் கடைசி வரை திறந்து வைத்திருந்த, அமெரிக்காவின் வில்லேஜ் வாய்ஸ் வார இதழின் விமர்சகர் வாக்கெடுப்பில், 2014-ஆம் ஆண்டின் முதலிடமே அதற்குத்தான் கிடைத்தது. இரண்டு வாரம் பொறுத்த பட்டியலுக்கும் பொறுக்காத பட்டியலுக்கும் இவ்வளவு வித்தியாசம். ரசிகர்களுக்கு அச்சகம் காத்திருப்பதில்லை. டிசம்பர் 31 வரை பொறுக்கலாம், ஜனவரியிலும் எழுதலாம். அந்தச் சுதந்திரத்தை விட்டுவிட்டு நவம்பர் கடைசியிலேயே பட்டியலை முடித்துவிட எதற்கு அவசரம் என்று எனக்குப் புரிவதில்லை.

இனி எண்ணும் முறைக்கு வருவோம். மேலுக்குச் சாதாரணமாகத் தெரியும் இந்த இடத்தில்தான் முடிவே மாறிப்போகிறது.

பலருடைய பட்டியல்களைச் சேர்த்துப் பொதுப் பட்டியல் போடுபவர்கள் பெரும்பாலும் முதலிடத்துக்கு 10 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 9, இப்படியே பத்தாம் இடத்துக்கு 1 என்று கொடுத்துக் கூட்டுவார்கள். பிரெஞ்சுக் கணித அறிஞர் போர்தா 1770-இல் தேர்தல்களுக்காக முன்வைத்த முறை இதன் மூதாதை. பார்வைக்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து ரசிகர்கள். ஓர் ஆல்பம் பத்துப் பேர் பட்டியலிலும் எட்டாம் இடத்தில் இருக்கிறது, எட்டாம் இடத்துக்கு 3 புள்ளி, ஆக 30. இன்னோர் ஆல்பம் இரண்டே பேர் பட்டியலில், ஆனால் இரண்டிலும் முதலிடம். மொத்தம் 20. பொதுப் பட்டியலில் அந்த எட்டாம் இடத்து ஆல்பம் முந்திவிடும். அதை யாரும் உயிருக்குயிராக நேசிக்கவில்லை, எல்லோரும் "நல்லாத்தான் இருக்கு" என்றார்கள், அவ்வளவுதான். இரண்டு பேருக்கு அந்த ஆண்டின் அர்த்தமாகவே இருந்த ஆல்பம் கீழே போய்விடும்.

வில்லேஜ் வாய்ஸ் வாக்கெடுப்பை நடத்தியவர்கள் இதற்கு ஒரு நல்ல மாற்று வைத்திருந்தார்கள். 'பாஸ் அண்ட் ஜாப்' என்ற பெயரில் 1971-இல் ஒருமுறை நடந்து, 1974 முதல் ஆண்டுதோறும் தொடர்ந்த வாக்கெடுப்பு அது. விமர்சகர் ராபர்ட் கிறிஸ்ட்காவ் நெடுங்காலம் முன்னின்று நடத்தினார். ஒவ்வொரு விமர்சகர் கையிலும் 100 புள்ளி. பத்து ஆல்பங்களுக்குப் பகிர்ந்து கொடுக்க வேண்டும். ஓர் ஆல்பத்துக்குக் குறைந்தது 5, அதிகபட்சம் 30. நம் பத்துப் பேர் கணக்கை இந்த விதியில் ஓட்டிப் பாருங்கள். எல்லோரும் சுமாராக விரும்பிய ஆல்பத்துக்குத் தலைக்கு 5 புள்ளி கொடுத்தால் 50. இரண்டு பேர் உயிராக நினைத்த ஆல்பத்துக்கு ஆளுக்கு 30 கொடுத்தால் 60. வரிசை தலைகீழாகிவிட்டது! கேட்டவர்கள் அதே பத்துப் பேர், ஆல்பங்களும் அவையேதான். புள்ளி கொடுக்கும் விதி ஒன்றுதான் மாறியிருக்கிறது.

எனவே "ரசிகர்களின் தேர்வு" என்று ஒரு பொதுப் பட்டியல் கண்ணில் பட்டால், அது எந்த விதியில் எண்ணப்பட்டது என்று கேட்காமல் அதை நம்பிவிடக் கூடாது. எந்த விதியில் எண்ணினாலும் ஒரே ஒருவர் சொன்ன ஆல்பம் பொதுப் பட்டியலில் ஏறாது என்பதையும் மறக்கக் கூடாது. அது தனிப் பட்டியலில்தான் வாழும்.

பொதுப் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தன் பட்டியலை எழுதுகிறவருக்கு என்ன நேர்கிறது என்பதும் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு அது. அதிகம் பேர் அறியாத இசைக்குழுக்களின் 48 பாட்டுகள், 14,341 பங்கேற்பாளர்கள். ஒரு பிரிவினருக்கு வெறும் பாட்டுகள் மட்டும். மற்றவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, தங்கள் உலகத்தில் ஒவ்வொரு பாட்டையும் எத்தனை பேர் தரவிறக்கினார்கள் என்ற எண்ணிக்கையையும் காட்டினார்கள். அந்த எண்ணிக்கை தெரிந்த உலகங்களில் முன்னணிப் பாட்டுகள் இன்னும் முன்னேறின, பின்தங்கியவை இன்னும் பின்தங்கின. அதைவிட முக்கியம், எட்டு உலகங்களும் ஒன்றுபோல் இல்லை. பிறர் எண்ணிக்கை தெரியாதவர்கள் 26-ஆம் இடத்தில் வைத்த ஒரு பாட்டு, ஓர் உலகத்தில் முதலிடம் பிடித்தது, இன்னோர் உலகத்தில் 40-ஆம் இடத்துக்குப் போனது. மிக நல்ல பாட்டுகள் பெரிதாகத் தோற்கவில்லை, மிக மோசமானவை பெரிதாக ஜெயிக்கவும் இல்லை. நடுவில் இருந்தவற்றின் கதிதான் யார் முதலில் கை வைத்தார்கள் என்பதைப் பொறுத்து அமைந்தது.

ஒரு ஆண்டில் வெளிவரும் ஆல்பங்களில் ஆகப் பெரும்பாலானவை அந்த நடுவில் இருப்பவைதான். இதைப் படித்த பிறகு நான் ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். என் பத்தை எழுதி முடித்துத் தேதி போட்டு மூடிவைக்கும் வரை வேறு எந்தப் பட்டியலையும் திறப்பதில்லை. கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் விடுவதாக இல்லை.

இன்று இதற்கெல்லாம் அவசியமே இல்லை, செயலியே கணக்கு வைத்திருக்கிறதே என்று சொல்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். கேட்பதை இயந்திரம் எண்ணும் பழக்கம் ஸ்பாட்டிஃபையில் தொடங்கியது அல்ல. 2002-இல் ஒரு மாணவரின் பல்கலைக்கழகத் திட்டமாக ஆரம்பித்து, பிறகு லாஸ்ட்.எஃப்எம் என்ற இசைத் தளத்தோடு இணைந்த ஆடியோஸ்க்ராப்ளர் அதற்கு முன்னோடி. அங்கே ஒரு பாட்டில் பாதியோ அல்லது நான்கு நிமிடமோ, எது முதலில் வருகிறதோ அதைக் கடந்தால்தான் கேட்டதாகக் கணக்கு. ஸ்பாட்டிஃபையில் 30 நொடி போதும். 2016 முதல் அது 'ரேப்டு' என்ற பெயரில் ஆண்டுக் கணக்கைக் கையில் கொடுக்கிறது, அதுவும் ஆண்டு முடியும் முன்பே.

இந்த எண்ணிக்கை பொய் சொல்வதில்லை. நாம் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறது, அதுதான் சிக்கல். பத்து நிமிடப் பாட்டு நான்கு கொண்ட ஆல்பத்தையும் இரண்டு நிமிடப் பாட்டு இருபது கொண்ட ஆல்பத்தையும் ஒரு முறை முழுதாகக் கேட்டால், இரண்டுக்கும் செலவு 40 நிமிடம்தான். செயலியின் கணக்கில் ஒன்றுக்கு 4, மற்றதற்கு 20.

போன ஆண்டு என் செயலி முதலிடம் கொடுத்தது, வேலை செய்யும்போது பின்னணியில் ஓடவிடும் ஒரு பியானோ ஆல்பத்துக்கு. நல்ல ஆல்பம்தான், ஆனால் அது ஓடுவதே தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அதைப் போடுவேன். நான் முதலிடம் கொடுத்த ஆல்பத்தை ஆண்டு முழுவதும் பதினொரு முறைதான் கேட்டிருந்தேன். ஒரு குரலும் ஒரு செல்லோவும் மட்டும். நான்காவது பாட்டில், வரி தொடங்கும் முன் பாடுகிறவர் மூச்சிழுக்கும் சத்தத்தை வெட்டாமல் விட்டிருப்பார்கள். அந்த மூச்சுக்குப் பிறகு வரும் வார்த்தை அவ்வளவு மெல்லியது. வேறு வேலை செய்துகொண்டே அதைக் கேட்க முடியாது. விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தால்தான் உண்டு. அப்படி உட்கார முடிந்த இரவுகள் அந்த ஆண்டில் பதினொன்று.

பழக்கம் வேறு, தேர்வு வேறு. பழக்கத்தைச் சொல்ல இயந்திரம் போதும். தேர்வை மனிதர்தான் சொல்ல வேண்டும்.

அந்த மனிதர் இப்போது முன்னெப்போதையும்விடத் தேவைப்படுகிறார். ஸ்ட்ரீமிங் தளங்களில் ஒரு நாளைக்கு 1,00,000 பாட்டுகள் ஏற்றப்படுகின்றன என்று 2022-இல் பெரிய இசை நிறுவனங்களின் தலைவர்களே சொன்னார்கள். பாட்டுக்கு மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டால்கூட, ஒரே நாளில் வந்ததைத் தூங்காமல் கேட்டு முடிக்க 208 நாள் வேண்டும். எந்த விமர்சகரும், எந்தப் பத்திரிகைக் குழுவும் இதை முழுதாகக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் இந்தக் கடலில் ஏதோ ஒரு மூலையில் முங்கி எழுந்தவர்கள். பத்துப் பேர் பத்து மூலையிலிருந்து கொண்டுவந்தால்தான் நமக்கு ஏதாவது கிடைக்கும். எல்லோரும் ஒரே மூலைக்குப் போய் வந்தால் பத்துப் பட்டியல் இருந்தும் ஒன்றுதான்.

ஆகவே பட்டியலைப் பகிரும் நண்பர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். "மாஸ்டர்பீஸ்", "வேற லெவல்" என்பவை எந்த ஆல்பத்துக்கும் பொருந்தும் வார்த்தைகள், அவற்றை வைத்துக்கொண்டு நான் எதையும் தேட முடியாது. எந்த இடத்தில் உங்களுக்கு அது பிடிபட்டது என்று சொல்லுங்கள். எத்தனையாவது பாட்டு, அதில் எந்த இடம், எத்தனையாவது முறை கேட்டபோது. அப்படி ஒரு வரி இருந்தால் முன்பின் தெரியாதவரின் பட்டியலைக்கூட நம்பி நாற்பது நிமிடம் கொடுக்கலாம்.

அந்த ஒன்பதாம் இடத்து ஆல்பத்தின் மூன்றாவது பாட்டை நான் முதல் முறை கேட்டபோது தாளம் தப்புகிற மாதிரிதான் இருந்தது. இரண்டாம் முறை விரல் விட்டு எண்ணினேன். கிடார் ஏழு ஏழாக ஓடுகிறது, டிரம் நான்கு நான்காக விழுகிறது. ஒன்றையொன்று விலகி விலகிப் போய், 28-ஆவது எண்ணிக்கை முடிந்ததும் இரண்டும் ஒரே அடியில் வந்து இறங்குகின்றன. சரியாக அந்த இடத்தில் குரல் தொடங்குகிறது. நான் அதைக் கேட்டது ஜனவரி மூன்றாம் தேதி. என் பட்டியலுக்குத் தேதி போட்டு மூடி நான்கு நாள் ஆகியிருந்தது, புதிய ஆண்டின் பட்டியலில் அதற்கு இடம் கிடையாது. நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, "தாமதமாக வந்தவை" என்று தலைப்பிட்டு, முதல் வரியில் அதன் பெயரையும் அதைச் சொன்னவரின் பெயரையும் எழுதி வைத்தேன்.